பக்கத்து வண்டி மேல ஒரு கண்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மாட்டுவண்டிப் பந்தயம். இரண்டு வண்டிகள் ஒட்டி ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி முப்பது நாற்பது பைக்குகள். அதில் ஒன்றை ஓட்டுவது அவன் மகன். பின்னால் இருப்பவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். "எப்படி டீச்சர் நம்ம பய?" என்று கேட்டிருந்தான். உடனே பதில் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் தாய்மாமா பந்தய வண்டியில் துணைச்சாரதியாக ஓடியவர். சென்னையிலும் வெளிநாட்டிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பந்தயம் ஊர்ச் சாலையிலேயே நடக்கும். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் தரத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்வார்கள். "போக வர எட்டு மைல்" என்றால் நாலு மைல் போய், கொடியைச் சுற்றிக்கொண்டு நாலு மைல் திரும்பி வரவேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். கயிற்றைப் பிடிப்பவர் சாரதி. கூடவே ஓடி, தாவி ஏறி, இறங்கி மாட்டை விரட்டுபவர் துணைச்சாரதி.

ஆபத்து இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று, முந்தும் இடம். குறுகிய சாலையில் இரண்டு வண்டிகளின் அச்சு உரசினால் இரண்டுமே குடை சாயும். இன்னொன்று, கொடி தாண்டிய பிறகு. முதலில் திரும்பிய வண்டி, இன்னும் கொடிக்குப் போய்க்கொண்டிருக்கும் வண்டிகளை அதே சாலையில் எதிர்கொள்ளும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மாமாவிடம், "சாரதி ஒருத்தரே ஓட்டினா என்ன மாமா? வெயிட்டும் குறையுமே" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கயித்தப் பிடிக்கிறவனுக்கு மாட்டு மேல கண்ணு தாயி. பக்கத்து வண்டி மேல ஒரு கண்ணு வேணும்ல? அதுக்குத்தான் நான்" என்றார். பின்னால் வருபவன் எந்தப் பக்கம் ஏறுகிறான், எதிரே எந்த வண்டி திரும்பி வருகிறது என்று பார்த்துச் சாரதிக்குக் குரல் கொடுப்பது அவர் வேலை.

இதே ஆபத்தை மற்ற இடங்களில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கொங்கு நாட்டில், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டம். ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியே விட்டு, எத்தனை விநாடி என்று கணக்கெடுப்பார்கள். பக்கத்து வண்டி என்ற பேச்சே அங்கே இல்லை.

அமெரிக்காவில் இரண்டு கார்கள் நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸும் பொதுச் சாலையில் வளர்ந்ததுதான். 1950-ல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலைய ஓடுதளத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே எதிரே யாரும் வரமாட்டார்கள். அடுத்த ஆண்டே அதற்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கி விதிமுறை வகுத்தார்கள். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். ஆளுக்கொரு தடம். நடுக்கோட்டைத் தாண்டினால் தோல்வி. முதலில் இரண்டு கார்களுக்கும் நடுவில் ஒருவர் நின்று கொடி அசைத்தார். 1963-ல் அவருக்குப் பதில் விளக்குக் கம்பம் வந்தது. 2008-ல் ஒரு வீரர் இறந்தபின், அதிவேகக் கார்களுக்கு மட்டும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். நம் சென்னையிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் ஓடுதளத்தில்தான் கார், பைக் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடந்தன. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது.

ஆக, கொங்கில் பக்கத்து வண்டியே இல்லை. டிராக் ரேஸில் ஆளுக்கொரு தடம். நம் ஊரில் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள். வழி வேறு வேறு. ஆனால் பக்கத்தில் வருபவனை மறந்து எங்கேயும் யாரும் பந்தயம் விடவில்லை.

ஜல்லிக்கட்டு வழக்கு எல்லாருக்கும் தெரியும். அதன் தொடக்கம் நம் மாவட்டத்தில் ரேக்ளா நடத்த அனுமதி கேட்டுப் போட்ட ஒரு மனு என்பது பலருக்குத் தெரியாது. 2006-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் தடை போட்டது. 2017-ல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். இத்தனை வருட வழக்கில் மாட்டைப் பற்றிப் பேசினோம், பண்பாட்டைப் பற்றிப் பேசினோம். பந்தயத்தோடு ஓடும் பைக்கைப் பற்றி யார் பேசினோம்? பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் வண்டிப் பந்தயம் விட்டால் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு சொல்கிறது. பந்தய மாட்டோடு போட்டி போடும் பைக்கும் என் கணக்கில் பந்தயம்தான்.

என்னிடம் படித்த இன்னொருவன் இப்படித்தான் பைக்கில் போனான். கொடி சுற்றி வந்த வண்டிக்கு வழிவிட முன்னால் போன பைக் சட்டென்று ஒதுங்கியது. இவன் அதில் மோதி விழுந்தான். பின்னால் வந்த பைக் இவன் கால்மேல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "எல்லாரும் மாட்டையே பாத்துக்கிட்டு வந்தோம் டீச்சர். பக்கத்துல யாரு வர்றான்னு ஒருத்தனும் பாக்கல" என்றான். மாமா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

வீடியோ அனுப்பியவனே, உன் மகன் நல்லாத்தான் ஓட்டுகிறான். ஆனால் அவன் வண்டியில் துணைச்சாரதி இல்லையப்பா. பின்னால் இருந்தவன் கண்ணும் செல்போனில் இருந்தது. அடுத்த பந்தயத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போ. சாலையை விட்டுத் தள்ளி, மேட்டில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் மாடும் தெரியும், அதை ஓட்டுகிற மனுசனும் தெரிவான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நயினார்கோவில்.