அடுப்பு மூட்டுமுன் சரக்குப் பாருங்கள்!

சமையலில் இறங்குமுன் புளி, பருப்பு, உப்பு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? கணிப்பொறி நிரலை உருவாக்கவும் இத்தகைய சோதனை தேவை. அது பிறந்த கதையைக் கேளுங்கள்.

1976-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுவதும் தம் நிரலில் பிழை தேடி அலுத்துப்போனார். உண்மையில் பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மட்டும் இயந்திர மொழிக்கு மாற்றப்படாமலே கிடந்தது! அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியைப் படைத்தார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிக் கொடுத்தால், அது கோப்புகள் மாறிய நேரத்தை ஒப்பிட்டு, வேண்டியவற்றை மட்டும் புதுப்பிக்கும்.

சரி, தேவையான பொருள் கணிப்பொறியிலேயே இல்லாவிட்டால்? 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டத்தினர் இதற்கும் வழி கண்டனர். அங்கே ஒவ்வொரு மூலத் தொகுப்பும் தன்னை உருவாக்க வேண்டியவற்றின் பட்டியலுடன் வரும். ‘டிபிகேஜி-செக்பில்ட்டெப்ஸ்’ என்ற கட்டளையைத் தட்டச்சு செய்தால், அவற்றுள் இல்லாதவற்றைப் பெயர் சொல்லிக் காட்டிவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். பட்டியலில் எழுத மறந்த பொருளை எந்தக் கருவியும் கேட்காது. அதை எழுதுவது மனிதர் பொறுப்பே.