2161 என்னும் எண்: கடலோர மேலாண்மையை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

இந்தியக் கடலோரக் கொள்கையை மதிப்பிட்ட முந்தைய ஆய்வுகள் பல மீட்டர்க் கணக்கோடு நின்றுவிடுகின்றன. 1991, 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளை அடுத்தடுத்து வைத்து, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டராக இருந்த வளர்ச்சித் தடை மண்டலம் ஊரகப் பகுதிகள் சிலவற்றில் 50 மீட்டராகச் சுருங்கியதைக் காட்டி, இது தளர்வு என்று முடிக்கின்றன. தளர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருங்கிணைந்த மேலாண்மை எந்த இடத்தில் முறிந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் விடை கிடைப்பதில்லை.

விடை ஓர் எண்ணில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைக்கு 50 மீட்டர், மற்றதற்கு 200 மீட்டர் என்கிறது 2019 அறிவிக்கை. இந்த எண்ணை வெறும் தொழில்நுட்ப வரம்பாகவே இதுவரை வாசித்திருக்கிறார்கள். 2011 அறிவிக்கையோடு சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. 2011 அறிவிக்கை தடை மண்டலத்துக்குள்ளேயே 100 முதல் 200 மீட்டர் வரையிலான பட்டையை மீனவர் உள்ளிட்ட பாரம்பரியச் சமூகங்களின் குடியிருப்புக்கு அனுமதித்தது. அங்கே கேட்கப்பட்ட கேள்வி 'யார்?' என்பது. நெரிசல் மிகுந்த கரைகளில் 2019 கேட்பது 'எத்தனை பேர்?' என்று. அங்கே 50 மீட்டருக்கு அப்பாலுள்ள நிலம் கடற்கரை விடுதிகளுக்கும் திறக்கிறது.

அடர்த்தி எதைக் காட்டுகிறது? ஒரு மீனவர் குப்பத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதற்கு நிலமின்மை மட்டும் காரணமில்லை. படகு ஏற்ற, வலை உலர்த்த, கரைவலை இழுக்க, கருவாடு காயப்போட மணற்பரப்பைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அந்த வெளியும் ஊர்தான். கணக்கெடுப்பு ஆட்களை அவர்கள் குடியிருக்கும் வீட்டில் எண்ணுகிறது. ஆகவே உழைப்பு நடக்கும் வெளி ஆளில்லா இடமாகிவிடுகிறது. வருவாய்ப் பதிவேட்டில் அதன் பெயர் பல ஊர்களில் புறம்போக்கு. மேலும், குப்பம் பெரும்பாலும் தனிக் கணக்கெடுப்பு அலகு அன்று. தோப்பும் வயலும் சேர்ந்த வருவாய்க் கிராமத்தின் ஒரு மூலை. அந்தக் கிராமத்தின் சராசரி, குப்பத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது.

இவ்விடத்தில் எச்சரிக்கை தேவை. முறையான கலந்தாலோசனையோடு தயாரான மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறும்வரை 200 மீட்டரே தொடரும் என்று அதே அறிவிக்கை நிபந்தனை விதிக்கிறது. ஆகவே விளைவு எல்லாக் கரையிலும் ஒன்றுபோல் இராது. மீனவர் கிராமங்களும் அவர்களது பொதுச் சொத்துகளும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்ற விதியும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குறிப்பது வேறு, காப்பது வேறு. தடை சுருங்கியதால் மீனவருக்கே வீடு கட்ட இடம் கிடைக்கிறது என்ற வாதம் நெடுநேரம் நிற்காது. அந்த இடம் அவர்களுக்கென்று ஒதுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல்நீர் உட்புகவும் கரை அரிக்கவும் கூடிய எல்லையைக் காட்டும் கடல் அபாயக் கோட்டை 2019 அறிவிக்கை பேரிடர் மேலாண்மைத் திட்டத்துக்கான கருவியாக மட்டும் வைத்தது. தமிழகத்தில் 2004 ஆழிப்பேரலை மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது நாகப்பட்டினம் மாவட்டத்தில். அதற்குப் பின்னும், கூட்டம் அதிகமான கரையில் கட்டுமானத்தைக் கடலுக்கு நெருக்கமாக விடுவதைத் திட்டமிடல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வரைபடத்தில் குறிக்கப்பட்ட கருவாட்டுக் களமும் படகுத்துறையும், அடர்த்தி எதுவானாலும், தடை மண்டலமாகவே நீடிக்கும் என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அது வரும்வரை 2019 அறிவிக்கை நில அனுமதிக்கான ஆவணம். மேலாண்மைக் கொள்கை அன்று.