குதிரை வீரனும் ஒரு நாட்டின் பெயரும்

பால்கன் தீபகற்பத்தின் நடுவே, கடற்கரை சிறிதுமில்லாத ஒரு சிறு நாடு உண்டு. அதன் தலைநகர் ஸ்கோப்பியே. வர்தார் என்னும் ஆறு அந்நகரை ஊடறுத்துச் செல்கின்றது. ஆற்றின் தென்கரையிலுள்ள பெருஞ்சதுக்கத்தில் 2011ஆம் ஆண்டு யூன் மாதம் ஒரு வெண்கலச் சிலை நிறுத்தப்பட்டது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. அதன்மீது வாளேந்திய இளைஞன். பீடத்தோடு சேர்த்து இருபது மீற்றருக்கும் மேற்பட்ட உயரம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே வார்க்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டது. அரசாங்கம் அச்சிலைக்கு இட்ட பெயர் ‘குதிரை மேல் போர்வீரன்’ என்பதே. ஆயினும் அவ்வீரன் யாவன் என்பதை அறியாதார் அந்நகரில் ஒருவருமிலர். அவன் மகா அலெக்சாந்தர். எல்லோரும் அறிந்த பெயரைச் சொல்லாது மறைத்து ஒரு சிலையை எழுப்ப வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏன் நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களே, மக்கெதோனியா என்ற பெயர் நமக்குப் புதியதன்று. விவிலியம் கற்றோர் பவுல் அடியார் அந்நாட்டுக்குக் கடல் கடந்து சென்றதை அறிவர். அவர் திருமுகம் எழுதிய பிலிப்பியும் தெசலோனிக்கேயும் ஆங்கு உள்ளனவே. அசோகச் சக்கரவர்த்தியின் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் சோழரையும் பாண்டியரையும் தாம்பிரபரணியையும் குறிப்பிடும் இடத்திலேயே ‘அந்திகினி’ என்றோர் அரசனையும் குறிப்பிடுகின்றது. அவன் மக்கெதோனியாவை ஆண்ட அந்திகோனசு கொனாத்தசு என்பர் ஆராய்ச்சியாளர். நம் முன்னோரும் அந்நாட்டு மன்னனும் ஒரே கல்லில் இடம் பெற்றிருப்பது இனியதொரு செய்தி. இது நிற்க.

அப்பண்டைய இராச்சியத்தின் தலைநகரங்களான அய்கையும் பெல்லாவும் இன்று கிரேக்க நாட்டின் எல்லைக்குள் அமைந்துள்ளன. அலெக்சாந்தரின் காலத்துக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே, கி.பி. ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில், சிலாவிய மக்கள் வடக்கிலிருந்து அப்பிரதேசத்தில் வந்து குடியேறினர். இன்று ஸ்கோப்பியேயில் பெரும்பாலோர் பேசும் மக்கெதோனிய மொழி அச்சிலாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்கேரிய மொழிக்கு மிக நெருங்கிய உறவுடையது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1912 வரை துருக்கிய ஓட்டோமன் பேரரசு அவர்களை ஆண்டது. அடுத்த ஆண்டிலேயே புக்காரெஸ்ற் உடன்படிக்கையின்படி மக்கெதோனியா என்னும் பரந்த நிலப்பரப்பைக் கிரேக்கமும் சேர்பியாவும் பல்கேரியாவும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. சேர்பியாவின் பங்கே பிற்காலத்தில் யூகோசிலாவியக் கூட்டாட்சியின் ஒரு குடியரசாயிற்று. 1945இல் அதன் மொழிக்கு நெடுங்கணக்கும் எழுத்திலக்கணமும் வகுக்கப்பட்டன. 1991 செப்ரெம்பர் 8ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பின் வழி அது சுதந்திர நாடாகியது.

தொல்லை அன்றே தொடங்கிற்று. கிரேக்கத்தின் வட மாகாணத்துக்கும் மக்கெதோனியா என்றே பெயர். அயலில் அதே பெயரோடு ஒரு நாடு எழுமாயின் நாளை நிலத்துக்கும் உரிமை கோராதா என்று கிரேக்கர் அஞ்சினர். போதாக்குறைக்கு, 1992இல் புதிய நாடு தன் கொடியில் பதினாறு கதிர்கள் கொண்ட சூரியனைப் பொறித்தது. அச்சூரியன், 1977இல் கிரேக்கப் பேராசிரியர் மனோலிசு அந்திரோனிக்கோசு வெர்கினாவில் அகழ்ந்த அரச கல்லறையினுள், எலும்புகளை வைத்திருந்த பொற்பேழையின்மேல் காணப்பட்டது. ‘எம் மன்னரின் கல்லறைச் சின்னத்தைப் பிறர் கொடியாக்குவதோ’ என்பது கிரேக்கரின் கேள்வி. 1993இல் ஐக்கிய நாடுகள் சபையில் அந்நாடு ‘முன்னாள் யூகோசிலாவிய மக்கெதோனியக் குடியரசு’ என்ற தற்காலிகப் பெயருடனேயே அனுமதிக்கப்பட்டது. ஆங்கில எழுத்து வரிசையில் அதற்குக் கிடைத்த ஆசனம் தாய்லாந்துக்கு அருகே! பெயரின் முன்னுள்ள சுட்டுச்சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு இடம் கணிக்கப்பட்டமையே காரணம். 1994 பெப்ரவரியில் கிரேக்கம் வணிகத் தடை விதித்தது. மறு ஆண்டு கொடி மாற்றப்பட்டது, தடையும் நீங்கியது. பெயர்ப் பிணக்கு மட்டும் தீரவில்லை.

2008இல் புக்காரெஸ்ற் மாநாட்டில் கிரேக்கத்தின் எதிர்ப்பினால் நேட்டோவின் அழைப்பு அந்நாட்டுக்குக் கிட்டாது போயிற்று. அதன்பின் 2010இல் பிரதமர் நிக்கோலா குரூவ்ஸ்கியின் அரசாங்கம் ‘ஸ்கோப்பியே 2014’ என்னும் திட்டத்தை வெளியிட்டது. குதிரை வீரன் அதன் நடுநாயகம். பாலத்துக்கு அப்பால் அவன் தந்தை பிலிப்பு, அருகே தாய் ஒலிம்பியாசு, வெற்றி வளைவு ஒன்று, நூதனசாலை, நீரூற்றுகள், சிலைகளோ எண்ணி மாளா. முதலில் 8 கோடி யூரோ செலவாகும் எனப்பட்டது. புலனாய்வுப் பத்திரிகையாளர் கணக்கெடுத்தபோது அது 50 கோடி யூரோவையும் தாண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 18 இலட்சம் மக்களே வாழும் ஒரு வறிய நாட்டுக்கு இது தாங்கொணாச் சுமை.

அந்நகரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோருக்கு வேறொரு வருத்தமும் உண்டு. 1963 யூலை 26ஆம் நாள் அதிகாலை 5 மணி 17 நிமிடத்துக்கு ஸ்கோப்பியேயை ஒரு பூகம்பம் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பெரும்பகுதி இடிந்தது. பழைய புகையிரத நிலையத்தின் மணிக்கூடு அந்நேரத்தைக் காட்டியவாறு இன்றும் நிற்கின்றது. கட்சி வேறுபாடு பாராது உலக நாடுகள் உதவின. நகரின் நடுப்பகுதியை மீண்டும் அமைக்க யப்பானியச் சிற்பி கென்சோ தாங்கே திட்டம் வரைந்தார். துன்பத்திலிருந்து எழுந்த அக்காலத்துக் கட்டடங்கள் சிலவற்றின் மேல், 2010ஐ அடுத்த ஆண்டுகளில், சாந்தும் போலித் தூண்களும் ஒட்டப்பட்டுப் பழங்கால ஐரோப்பிய மாளிகைகளின் வேடம் புனையப்பட்டது. அலெக்சாந்தரின் சிலையைவிட இதுவே எனக்குப் பெருங் குற்றமாகத் தோன்றுகின்றது. பிறர் முன்னோரை உரிமை கொண்டாடுவது ஒன்று. தம் கண்முன் வாழ்ந்தோர் பட்ட பாட்டின் சான்றை மூடி மறைப்பது மற்றொன்று.

எதிர்ப்பு எழாமலில்லை. 2009 மார்ச்சிலேயே சதுக்கத்தில் எழவிருந்த கட்டடத்தைக் கண்டித்து நின்ற கட்டடக்கலை மாணவர் தாக்கப்பட்டனர். 2016இல் அரசாங்கத்தின் ஊழலைக் கண்டித்தெழுந்த மக்கள் புதிய மாளிகைகள்மீதும் வெற்றி வளைவின்மீதும் பல நிறச் சாயங்களை வீசினர். அக்கிளர்ச்சிக்கு ‘வண்ணப் புரட்சி’ என்றே பெயர் வழங்கிற்று. மக்களில் நால்வரில் ஒருவரான அல்பானியரோ அலெக்சாந்தரின் வழித்தோன்றல் என்ற கதையில் தமக்கு இடமெங்கே என்று வினவினர். அவர்கள் 2006இலேயே ஆற்றின் வடபால் தம் வீரன் ஸ்கந்தர்பேக்கின் சிலையைக் குதிரையேற்றி நிறுத்தியிருந்தனர்.

இம்மக்களுக்குப் பெருமை கொள்ளச் சொந்த வரலாறு இல்லையா என்று கேட்கத் தோன்றும். உண்டு. 1903 ஓகத்து 2ஆம் நாள் துருக்கிய ஆட்சிக்கெதிராக வெடித்த இலிந்தென் எழுச்சியில் குருசெவோ என்னும் மலையூர் பத்து நாள்வரை குடியரசாக விளங்கியது. அவ்வூரில் 1974இல் எழுப்பப்பட்ட வெண்ணிற நினைவுக்கூடம் யாருடைய முன்னோரையும் இரவல் பெறவில்லை. ஆயினும் இவ்வரலாற்றையும் அயலார் விட்டு வைத்தாரல்லர். எழுச்சியின் முதல்வருள் ஒருவரான கோத்சே தெல்ச்செவ் பள்ளி ஆசிரியராயிருந்தவர். எழுச்சிக்குச் சில மாதங்கள் முன்னரே கொல்லப்பட்டவர். அவர் பிறந்த ஊர் இன்று கிரேக்கத்தில். அவருடைய எலும்புகள் 1946இல் பல்கேரியத் தலைநகர் சோபியாவிலிருந்து கொணரப்பட்டு ஸ்கோப்பியேயின் தேவாலய முற்றமொன்றில் வைக்கப்பட்டுள்ளன. அவர் தம்மைப் பல்கேரியர் என்றே கருதினார் என்பது பல்கேரியாவின் வாதம். இடைக்கால மன்னன் சாமுவேலுக்கு ஸ்கோப்பியே 2011இல் சிலை வைத்தது. 2015இல் சோபியாவும் வைத்தது, அதன் கண்களில் மின்னொளி வேறு! தெற்கே பழம்பெயரை மறுப்போர். கிழக்கே மொழியையே தம் மொழியின் கிளை என்போர். இருபுறமும் ‘நீ இல்லை’ என்று சொல்லக் கேட்ட ஒரு சிறு மக்கட் கூட்டம் மிக உயரமான சிலையை எழுப்பியதில் வியப்பில்லை. செலவை நியாயப்படுத்தாவிடினும், அந்த ஏக்கத்தை நான் எள்ளி நகையாடேன்.

2018 யூன் 17ஆம் நாள் பிரெஸ்பா ஏரியின் கிரேக்கக் கரையில் இரு நாட்டுப் பிரதமர்களும் முன்னிற்க ஓர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதன்படி நாட்டின் பெயர் வட மக்கெதோனியா. மக்கெதோனியா என்ற சொல் இரு மக்களிடத்தும் வேறு வேறு வரலாற்றையும் பண்பாட்டையும் குறிக்கும் என இருதரப்பும் ஒப்புக்கொண்டன. பேசும் மொழி மக்கெதோனிய மொழி என்ற பெயரோடே நிலைக்கும். ஆனால் அது பண்டைய கிரேக்க நாகரிகத்தோடு தொடர்பற்ற சிலாவிய மொழி எனவும் எழுதப்பட்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பங்குகொண்டோர் 37 வீதம் அளவினரே. வாக்களித்தோரில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். 2020 மார்ச்சில் நாடு நேட்டோவில் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சைப் பல்கேரியா தடுத்தது. பல்கேரியருடன் வரலாற்றறிஞர் கூட்டுக் குழுவொன்று அமைந்து, பாடநூல்களிலும் நினைவு நாட்களிலும் யார் யாருடையவர் என்று ஆராயத் தொடங்கிற்று.

அலெக்சாந்தரின் சிலை அகற்றப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து அவன் பெயர் 2018இல் நீக்கப்பட்டது. சதுக்கத்துச் சிலைகளில், அவை பண்டைய கிரேக்க வரலாற்றைச் சேர்ந்தவை எனத் தெரிவிக்கும் பலகைகள் 2019இல் பொருத்தப்பட்டன. 2024இல் பதவியேற்ற சனாதிபதி கோர்தானா சில்யானொவ்ஸ்கா தாவ்கோவா உறுதிமொழி உரைக்கையில் ‘வட’ என்ற அடைமொழியை விடுத்து ‘மக்கெதோனியா’ என்றே நாட்டின் பெயரைக் கூறினார். கிரேக்கத் தூதுவர் மண்டபத்தை விட்டு எழுந்து வெளியேறினார்.