ஒரு சொல், இரு வேர்கள்: ஆங்கில ‘லைட்’ ஸ்லோவீனியத்தில் பிரிந்த வரலாறு

பெயர் ஒன்றாக இருப்பதனால் மட்டும் குலம் ஒன்றாகிவிடாது. மனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை சொற்களுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் சிறுவரும் அறிந்த சொல் ‘லைட்’. ஒளி, விளக்கு, வெளிர்நிறம், எடையின்மை, எளிமை, தீ மூட்டுதல், ஊர்தியினின்று இறங்குதல், பறவை கிளையில் வந்தமர்தல் எனப் பல பொருள்களை அச்சொல் தாங்கி நிற்கிறது. இவையனைத்தும் ஓரடியிற் கிளைத்தவையா? ஆங்கிலத்தினுள் நின்று நோக்குவார்க்கு அவ்வாறே தோன்றும். ஆங்கிலத்திற்குத் தூரத்து உறவான வேறொரு மொழியில் அச்சொல்லைப் பெயர்க்க முற்படும்போது உண்மை புலப்படும். அத்தகைய மொழிகளுள் ஒன்று ஸ்லோவீனியம். ஆல்ப்ஸ் மலைக்கும் அட்ரியாட்டிக் கடலுக்கும் இடையே, 1991ஆம் ஆண்டு தனிநாடாகிய ஸ்லோவீனியாவில் ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழி அது.

இரு வேர்களின் சங்கமம்

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் ஒளியைக் குறித்த வேர் ஒன்று. எடையின்மையைக் குறித்த வேர் மற்றொன்று. இலத்தீனில் முன்னது ‘லூக்ஸ்’ எனவும் பின்னது ‘லெவிஸ்’ எனவும் தனித்தனியே வாழ்ந்தன. பழைய ஆங்கிலத்திலோ ஒலி தேய்ந்து இரண்டும் ‘லெயோஹ்ட்’ என்னும் ஒரே வடிவத்தை அடைந்தன. அச்சொல்லின் நடுவில் ஒலித்த ‘ஹ்’ பிற்காலத்தில் மறைந்தது. எழுத்தில் மட்டும் அதன் தடம் ஒலிக்காத இரு எழுத்துகளாக இன்றளவும் நிற்கிறது.

இறங்குதல் என்னும் பொருளின் வரலாறு சுவையானது. பாரத்தை இலகுவாக்குதல் என்பதே அவ்வினையின் முதற்பொருள். குதிரையினின்று வீரன் இறங்கினால் குதிரையின் பாரம் குறையும். ஆகவே இலகுவாக்குதல் இறங்குதலாயிற்று. பின்னர்ப் பறவை வந்தமர்தலுக்கும் ஆகிவந்தது. கிளையில் அமரும் பறவைக்கும் ஒளிக்கும் குலத்தொடர்பு ஏதுமில்லை.

அச்சேறிய சிறுமொழி

ஸ்லோவீனிய மொழி அச்சேறிய வரலாறு அல்லலுக்கிடையே தொடங்கியது. சமயச் சீர்திருத்தவாதியான பிரிமோஷ் துருபார் தாயகத்தை விட்டு வெளியேறி, 1550இல் ஜெர்மானிய நகரமான டூபிங்கனில் அம்மொழியின் முதல் அச்சுநூல்களை வெளியிட்டார். ஒன்று வினாவிடைச் சமயநூல், மற்றொன்று அரிச்சுவடி. யூரி தால்மாதின் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்தார். லுப்லியானாவில் அச்சிட ஆர்ச்டியூக் கார்ல் தடை விதித்தமையால், 1584இல் விட்டன்பர்க் நகரில் ஏறத்தாழ 1500 படிகள் அச்சாயின. 1592இல் ஜெர்மானிய அறிஞர் மெகிசர் தொகுத்த நான்மொழி அகராதியில் ஜெர்மன், இலத்தீன், இத்தாலியம் ஆகியவற்றோடு ஸ்லோவீனியமும் ஒருங்கே இடம்பெற்றது. 1894–95இல் பிளெதெர்ஷ்னிக்கின் பேரகராதி நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. ஆங்கிலத்திலிருந்து ஸ்லோவீனியத்திற்கான பேரகராதி 1978இல் வந்தது. நான்கு நூற்றாண்டுகள் பலர் கைகளால் திரண்ட சொல்வளம், ஆங்கிலச் சொல்லொன்றின் ஒவ்வொரு பொருளுக்கும் நிகர் தேட இவ்வாறு பயன்பட்டது.

பிரிந்து நிற்கும் பொருள்கள்

விளக்கொளி ‘லூச்’, இயற்கையின் ஒளி பெரும்பாலும் ‘ஸ்வெத்லோபா’. வெளிர்நீலத்தின் வெளிர்மை ‘ஸ்வெதெல்’ என்னும் பெயரடையால் சுட்டப்படும். கலங்கரை விளக்கம் ‘ஸ்வெதில்னிக்’. தெருச்சந்தியின் வண்ணவிளக்கு ‘செமாஃபோர்’. தீ மூட்டுதல் ‘ப்ரிஷ்காத்தி’. புகைபிடிப்போன் அயலானிடம் ஒளி கேட்பதில்லை; ‘ஓகென்’, அதாவது நெருப்புக் கேட்பான். எடையற்றதும் எளிதும் ‘லாஹெக்’.

ஆங்கிலத்தில் ஒன்றாகிப்போன இரு மூலவேர்களும் இங்கே பிரிந்தே நிற்கின்றன. ‘லூச்’ என்பது ஒளிவேரின் வழித்தோன்றல். ‘லாஹெக்’ என்பது எடையின்மை வேரின் வழித்தோன்றல். ஆங்கிலம் கலந்த நீரை ஸ்லோவீனியம் பிரித்துக் காட்டுகிறது.

‘லாஹெக்’ தன் வழியில் மேலும் வளர்ந்தது. அதன் வினையடையாகிய ‘லாஹ்கோ’, எளிதாக என்னும் பொருளினின்று ‘இயலும்’, ‘செய்யலாம்’ என்னும் பொருளை அடைந்தது. இரவில் விடைபெறுவோர் கூறும் வாழ்த்து ‘லாஹ்கோ நோச்’. நல்லிரவு என்று அது சொல்வதில்லை. பாரமற்ற இரவு அமைக என்றே வாழ்த்துகிறது.

ஸ்லோவீனியத்தின் சங்கமம்

இதனால் ஸ்லோவீனியம் கலப்பறியா மொழி என்று கருதுதல் பிழையாகும். ‘ஸ்வெத்’ என்னும் அதன் சிறுசொல் உலகு, புனிதம், அவை என மூன்று பொருள்களைத் தரும். பழைய ஸ்லாவியத்தில் இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். மூக்கொலி உயிர் மறைந்தது, குற்றுயிர் உதிர்ந்தது, மூன்றும் எழுத்தில் ஒன்றாயின. ரஷ்ய மொழியில் அவை இன்றும் ‘ஸ்வெத்’, ‘ஸ்வியத்தோய்’, ‘சொவெத்’ எனப் பிரிந்தே உள்ளன. உலகறிந்த ‘சோவியத்’ என்னும் பெயர் இறுதியாகச் சுட்டப்பட்ட அவைச்சொல்லிலிருந்தே பிறந்தது.

உலகைக் குறிக்கும் ‘ஸ்வெத்’ முதலில் ஒளியையே குறித்தது. ஒளியில் கண்ணுக்குப் புலனாவது எதுவோ அதுவே உலகு எனப் பொருள் விரிந்தது. குழந்தை பிறந்தது என்பதை அம்மக்கள் ‘லூச் ஸ்வெதா’வைக் கண்டது என்பர், உலகின் ஒளியைக் கண்டது என்பது பொருள். வேர்நிலையில் அத்தொடரின் இரு சொற்களும் ஒளியே.

கடப்பதும் கடவாததும்

இவ்வரலாறு கவிஞர்க்கு உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. மனித மனம் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றைக் கண்டடையும்போது பிறக்கும் பொருள் மொழியெல்லையைக் கடக்கும். அறிவை ஒளியாகக் கண்ட உருவகத்தால், ஐரோப்பியரின் அறிவொளிக் காலம் ஸ்லோவீனியத்திலும் ஒளிச்சொல்லாலேயே ‘ரஸ்ஸ்வெத்லியென்ஸ்த்வோ’ எனப் பெயர் பெற்றது. ஒழுக்கம் தளர்ந்த பெண்ணை எடையற்றவள் என்று ஆங்கிலம் பழித்தது போலவே, ‘லாஹெக்’ என்னும் சொல்லால் ஸ்லோவீனியமும் பழித்தது. ஒலியின் தற்செயலால் நேர்ந்த ஒற்றுமையோ எல்லையைக் கடவாது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடக இறுதியில், போர்ஷியா ஒளியையும் ஒழுக்கத் தளர்வையும் ஒரே சொல்லில் வைத்துச் சிலேடை ஆடுகிறாள். அந்நாடகத்தை மொழிபெயர்த்த பெருங்கவி ஓத்தோன் ஷுபான்சிச்சிடம் ‘லூச்’, ‘லாஹெக்’ என இரு சொற்கள் இருந்தன. இரண்டையும் தாங்கும் ஒரு சொல் இல்லை. விளங்குவதையும் மறைவதையும் ‘ஒளி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கும் தமிழ்ச் சிலேடையும் வேற்று மொழியில் அவ்வண்ணமே கலையும்.

சிலேடை கலைந்தாலும் உறவு அறுவதில்லை. வடமொழியின் ‘லகு’ என்பது ‘லாஹெக்’, ‘லெவிஸ்’ ஆகியவற்றின் உடன்பிறப்பு. அச்சொல்லே தமிழில் ‘இலகு’ என வழங்குகிறது. வடமொழி யாப்பில் குருவுக்கு எதிராக நிற்கும் லகுவும் அதுவே. ஓரசையின் பாரமின்மையை அளக்கும் சொல்லும், ஆல்ப்ஸ் அடிவாரத்து வீடுகளில் இரவு விடைபெறும் சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகள். அகராதியை வெறும் பொருட்பட்டியலாகப் புரட்டுவோர்க்கு இவ்வுறவு புலப்படாது. அதனை வரலாறாகப் படிப்போர்க்குப் புலப்படும்.