பழையனூரின் எல்லையும் சாட்சியும்

நிலத்தில் முதன்முதலாகப் பொருளை இட விரும்புவோர்க்கு அவ்வூர் மனிதரின் பரிச்சயமே மூலதனத்தினும் முந்தித் தேவை என்பதை, இரத்தினசபை விளங்கும் திருவாலங்காட்டின் சரித்திரம் தெளிவாக உணர்த்துகிறது. முதலாம் இராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை அங்குள்ள சிவாலயத்துக்குத் தேவதானமாக அளித்த சாசனம், 31 செப்பேடுகளாக 1905-இல் வெளிப்பட்டது. அரசாணை பிறந்தவுடனே நிலம் கைமாறிவிடவில்லை. ஆணையை எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் ஏற்ற நாட்டார், பெண்யானை ஒன்றை எல்லை நெடுக நடத்தி, அது சுற்றிவந்த வழியே கல்லும் கள்ளியும் நட்டு, அண்டை அயலார் அறிய நாற்புறமும் வரையறுத்த பின்னரே அத்தானம் பூர்த்தியாயிற்று. காகிதப் பத்திரத்தைவிட இது எனக்கு மேலானதாகவே தோன்றுகிறது. ஊரே கண்ணால் கண்ட எல்லையை மறுப்பது எளிதா?

இதே பழையனூரில்தான், நீலி என்னும் பேய்க்கு அஞ்சிய வணிகன் ஒருவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் மாண்டதும் சொன்ன சொல் காக்கத் தீப்பாய்ந்தனர் என்பது ஐதிகம். வேற்றூரான் ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு அத்துணைக் கனமுடையதாக இருந்தது.

இத்தகைய ஊர்ச் சாட்சியத்தின் இடத்தில், இன்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஏட்டில் பதியும் பத்திரமே நிற்கிறது. ஆயினும் வில்லங்கச் சான்று, பதிந்த பத்திரங்களை மட்டுமே காட்டும். வாய்மொழிப் பாகத்தையும், மழைக்காலத்தில் நீர் நிற்கும் பள்ளத்தையும், மூடப்பட்ட வாய்க்காலையும் அது சொல்லாது. ஆகவே, புதிதாக மனை வாங்க எண்ணும் அன்பர்களே, முன்பணம் கொடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரையும், பக்கத்து நிலத்து உழவரையும், நில அளவையாளரையும் நேரில் கண்டு பேசி, நான்கெல்லையையும் அவர்களோடு நடந்து பாருங்கள்.