வகுத்ததைப் பெருக்கிப் பார்



போன வாரம் பேத்திக்கு நீள்வகுத்தல் சொல்லிக் கொடுத்தேன். விடை வந்ததும் நோட்டை மூடப் போனாள். "வகுத்ததைப் பெருக்கிப் பார்" என்றேன். என்னிடம் படித்தவர்களுக்கு இது காது புளித்த வாக்கியம். அவளோ, "போன்ல போட்டா சரியா வந்துடும் தாத்தா, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றாள். கம்ப்யூட்டர் வகுத்தலில் தப்பு செய்து, அதைச் செய்த கம்பெனிக்கு அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் போன கதை ஒன்று உண்டு என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கம்பெனியின் பெயர் இன்டெல். 1968-ல் அமெரிக்காவில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் செய்வதுதான் அதன் பெரிய தொழில். 1993 மார்ச்சில் பென்டியம் என்ற பிராசசரை வெளியிட்டார்கள். நகத்தளவு சில்லுக்குள் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். பென்டியத்தின் தந்தை என்று பத்திரிகைகள் எழுதும் வினோத் தாம் நம் நாட்டுக்காரர், புனேயில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பண்ருட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நோட்டீஸ்களில்கூட பென்டியம் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். எனக்கு அப்போது அது ஏதோ மருந்தின் பெயர் போலத் தோன்றியது.

இந்த பென்டியத்தில் இருந்த தப்பைக் கண்டுபிடித்தவர் ஒரு கணக்கு வாத்தியார்! வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி. 11, 13 என்றும் 17, 19 என்றும் இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். அவற்றின் தலைகீழ் பின்னங்களை, அதாவது 1/11, 1/13 என்று, கூட்டிக்கொண்டே போவது அவருடைய ஆராய்ச்சி. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள், கணக்குக்காரர்கள் அப்படித்தான்.

1994 மார்ச்சில் தன்னிடமிருந்த கம்ப்யூட்டர்களோடு ஒரு பென்டியத்தையும் சேர்த்தார். ஜூனில் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. அவர் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். தான் எழுதிய புரோகிராமைப் பார்த்தார், மென்பொருளைப் பார்த்தார், மதர்போர்டைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர நான்கு மாதம் ஆனது. கடைசியில் 824633702441 என்ற எண்ணுக்குத் தலைகீழ் பின்னம் காணும்போதுதான் பென்டியம் சறுக்குகிறது என்று பிடித்துவிட்டார். அக்டோபர் 24 அன்று இன்டெல்லுக்குத் தெரிவித்தார். உருப்படியான பதில் வரவில்லை. 30-ம் தேதி தெரிந்தவர்கள் சிலருக்கு மின்னஞ்சல் எழுதினார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவிவிட்டது.

தப்பு எங்கே இருந்தது தெரியுமா? வாய்ப்பாட்டில்!

4738-ஐ 62-ஆல் வகுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முன் இலக்கங்களைப் பார்த்து, 47-ல் 6 ஏழு முறை போகும் என்று ஊகிக்கிறோம். சிப்பும் அப்படித்தான் ஊகிக்கிறது. பழைய 486 பிராசசர் இரும எண்ணில் ஒரு தடவைக்கு ஓர் இலக்கமாக விடை கண்டது. வேகம் வேண்டும் என்று பென்டியத்தில் இரண்டிரண்டு இலக்கமாகக் காண வைத்தார்கள். அந்த ஊகத்துக்காக உள்ளேயே ஒரு அட்டவணை. அதில் நிரப்ப வேண்டிய இடங்கள் 1066. அவற்றில் 5 இடங்களில் 2 இருக்க வேண்டும், ஆனால் 0 இருந்தது. அவ்வளவுதான் தப்பு.

எப்போதாவதுதான் அந்த ஐந்து இடங்களில் கால் படும். நீங்கள் பார்க்க ஒரு கணக்கு: 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. அந்த விடையைத் திருப்பிப் பெருக்கி 4195835-லிருந்து கழித்தால் 0 வருவதற்குப் பதில் 256 நிற்கும். பேத்திக்கு இதைக் காட்டியபோதுதான் கண்ணை அகல விரித்தாள்.

தப்பு நேர்வதில் அதிசயமில்லை. நைஸ்லி எழுதுவதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே, இன்டெல் தன் சோதனையில் இதைக் கண்டிருந்தது. இனி செய்யும் சிப்பில் திருத்தத் தொடங்கினார்கள், விற்றதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும், 900 கோடி வகுத்தலில் ஒன்றுதான் பிசகும், சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் நேரும் என்றார்கள். பெரிய கணக்குப் போடுகிறவர் என்று காட்டினால் மாற்றித் தருவோம் என்றார்கள். அதாவது, உனக்கு இது தேவைப்படாது, போய் வா.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே தொண்ணூறுகளில், வகுப்பில் மாட்ட 13-ம் வாய்ப்பாட்டை சார்ட்டில் நானே எழுதினேன். ஏழு பதிமூன்று 91. நான் 81 என்று எழுதிவிட்டேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அது தப்பு சார்" என்றாள். கல்வி அதிகாரி வரும் நாள் அது. "உனக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு இப்ப கிடையாது, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த சார்ட் ஒரு வருடம் சுவரில் தொங்கியது. அந்த வருடம் எத்தனை பேர் 81 என்று படித்தார்களோ! இன்டெல் கதையை முதலில் படித்த அன்று இரவு எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

இன்டெல்லை ஒரு வருடம் தொங்க யாரும் விடவில்லை. டிசம்பர் 12 அன்று ஐபிஎம் பென்டியம் போட்ட கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதிகம் கணக்குப் போடுகிறவருக்கு 24 நாளுக்கு ஒருமுறை தப்பு வரும் என்றது. (ஐபிஎம்முக்கும் போட்டிச் சிப்பில் பங்கு உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.) இன்டெல் பங்கு விலை சரிந்தது. தலைவர் ஆண்டி குரோவ், ஹங்கேரியில் பிறந்து நாஜிக் கொடுமையில் உயிர் பிழைத்தவர், லேசில் வளையாதவர். ஆனாலும் டிசம்பர் 20 அன்று, காரணம் கேட்காமல் யாருக்கும் மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தார். பத்திரிகைகளில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் வந்தது. 1995 ஜனவரியில் கணக்கு எழுதியபோது செலவு 47.5 கோடி டாலர். பிசகிய சிப்புகளைச் சாவிக்கொத்தாக்கி ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். பிறகு ஐந்தாறு ஆண்டில் உலகின் மிக மதிப்புமிக்க கம்பெனிகளில் ஒன்றாக இன்டெல் உயர்ந்தது.

முப்பது ஆண்டு கழித்து மறுபடியும். 2022, 2023-ல் வந்த 13, 14-ம் தலைமுறை பிராசசர்களில் உயர்ந்த ரகங்கள் விளையாட்டின் நடுவே நின்றுபோயின. திரையில் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று செய்தி வரும். ஜனங்கள் கிராபிக்ஸ் கார்டையும் மென்பொருளையும் சந்தேகித்தார்கள், நைஸ்லியைப் போலவே. 2024 ஜூலையில்தான் இன்டெல் காரணத்தைச் சொன்னது. பிராசசர் தனக்கு வேண்டிய வோல்டேஜை மதர்போர்டிடம் கேட்டு வாங்கும். அதன் உள்கட்டளையில் பிழை, அளவுக்கு மேல் கேட்டது. மாதக்கணக்கில் அதை வாங்கி வாங்கிச் சிப் தேய்ந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அது குணப்படுத்தாது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள்.

நம் ஊரில் முந்திரி வாங்குகிறவர் மூட்டையில் ஒரு பிடி அள்ளி உடைத்துப் பார்த்து விலை சொல்வார். பலாவைத் தட்டிப் பார்ப்போம். சிப்பை வாங்குகிறவன் எதைத் தட்டிப் பார்ப்பான்? செய்தவன் சொல்வதுதான் சரக்கு.

2024 ஆகஸ்ட் 1 அன்று, காலாண்டில் 161 கோடி டாலர் நஷ்டம், 15,000 பேருக்கு மேல் வேலை குறைப்பு, டிவிடெண்ட் நிறுத்தம் என்று அறிவித்தார்கள். மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. 1974-க்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு விழுந்ததில்லை. சிப் கெட்டதால்தான் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செல்போன் காலத்தையும் செயற்கை நுண்ணறிவு காலத்தையும் தவறவிட்டது பெரிய காரணம், புதிய ஆலைகளில் கொட்டும் பணம் இன்னொன்று. ஆனால் நஷ்டச் செய்தியும் கெட்ட சரக்குச் செய்தியும் ஒரே வாரத்தில் வந்தால் யார் நம்பிக் காசு வைப்பார்கள்? நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெல் இருந்த இடத்துக்கு என்விடியா வந்தது. டிசம்பரில் தலைவர் பாட் கெல்சிங்கர் விலகினார்.

பங்குக்காரர் நஷ்டத்தைவிட அந்த 15,000 குடும்பங்கள்தான் என்னை உறுத்தின. வாய்ப்பாட்டில் தப்பு எழுதியவர்களும் வோல்டேஜ் கட்டளை எழுதியவர்களும் மட்டுமா அதில் இருந்திருப்பார்கள்?

உங்களில் சிலர் பெங்களூரில் இதே துறையில் இருக்கிறீர்கள். வகுத்தல் அட்டவணை பற்றியும் வோல்டேஜ் பற்றியும் நான் எழுதியதில் பிசகு இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த நாலாம் வகுப்புப் பெண் இதைப் படித்தால் அவளும் எழுதட்டும். ஏழு பதிமூன்று 91தான் அம்மா. இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
காடாம்புலியூர்