காலிப் பெட்டியின் கதை: கம்ப்யூட்டர் கேபினெட் வந்த வழி

1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெட்டியின் படம் வந்தது. முன்பக்கம் முழுக்க சுவிட்சுகள், சின்னச் சின்ன விளக்குகள். பெயர் ஆல்டேர் 8800. சாதாரண ஆள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர் என்று பெரிய பரபரப்பைக் கிளப்பியது இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் இருந்தது கம்ப்யூட்டரே அல்ல! நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் இருந்து எட் ராபர்ட்ஸ் பத்திரிகைக்கு அனுப்பிய முதல் இயந்திரம் பார்சலில் தொலைந்து போனது. அவசரத்துக்கு வெறும் பெட்டி ஒன்றில் சுவிட்சுகளையும் விளக்குகளையும் மட்டும் பொருத்தி அனுப்பி வைத்தார்கள். ஆக, பர்சனல் கம்ப்யூட்டர் உலகத்துக்கு முகம் காட்டியதே ஒரு காலி கேபினெட்டாகத்தான்.

அதன்பிறகு அந்தக் கேபினெட்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புராசஸருக்கு வரலாறு எழுதினார்கள், விண்டோஸுக்கு எழுதினார்கள். கேபினெட்? அது தகரப் பெட்டி, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதற்கு ஒழுங்கான பெயர்கூட நிலைக்கவில்லை. உள்ளே இருக்கும் ஒரு சில்லின் பெயரை வைத்து முழுப் பெட்டியையும் 'சி.பி.யு' என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது, முக்கியமாக யார் மாற்றலாம் என்பதை முடிவு செய்தது இந்தப் பெட்டிதான்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை (மாடல் 5150) வெளியிட்டது. மேசை மீது படுத்திருக்கும் கனமான இரும்புப் பெட்டி, அதன் தலைமேல் மானிட்டர். உள்ளே 5 ஸ்லாட்டுகள், 63.5 வாட் பவர் சப்ளை. பெட்டி உலோகமாக இருந்ததற்கு உறுதி மட்டும் காரணம் அல்ல. கம்ப்யூட்டரில் இருந்து கசியும் ரேடியோ அலைகள் அக்கம்பக்கத்து டி.வி.க்களைக் கெடுத்துவிடக் கூடாது என்று அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1979ல் வந்த அடாரி 800ஐப் பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் மூடிக்குள் தடித்த அலுமினிய வார்ப்பு ஒன்று இருக்கும். அதுவும் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வைத்ததுதான்.

1983ல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. வந்தது. 5 ஸ்லாட்டுகள் போதவில்லை என்று 8 ஆக்கினார்கள். இடம் வேண்டுமே? ஸ்லாட்டுகளுக்கு இடையே இருந்த 1 அங்குல இடைவெளியை 0.8 அங்குலமாகக் குறுக்கினார்கள். அந்த 0.8 அங்குலம் இன்றுவரை மாறவில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் 'இரண்டு ஸ்லாட் தடிமன், மூன்று ஸ்லாட் தடிமன்' என்று பார்க்கிறாரே, அது 1983ல் போட்ட கோட்டின் கணக்குதான்.

கேபினெட்டின் முகம் அதைவிடப் பழையது. 1976ல் ஷுகார்ட் நிறுவனம் 5.25 அங்குல பிளாப்பி டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிரைவின் அகலம் 5.75 அங்குலம், உயரம் 3.25 அங்குலம். 1980ல் சீகேட் நிறுவனத்தின் 5 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் அதே பொந்துக்குள் நுழையும்படி செய்யப்பட்டது. பிறகு வந்த சி.டி. டிரைவும் டி.வி.டி. டிரைவும் அதே அகலம், பாதி உயரம். பெரிய பிளாப்பி செத்துப் பல வருடங்கள் ஆன பிறகும் கேபினெட்டின் முன்பக்கம் அதன் அளவிலேயே வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. செருப்பை மாற்றாமல் காலை மாற்றிக்கொண்டே போன கதை!

1984ல் ஐ.பி.எம். ஏ.டி. வந்தது. பெரிய மதர்போர்டு, முன்பக்கத்தில் சாவி போட்டுப் பூட்டும் பூட்டு. மற்ற கம்பெனிகள் இதை அப்படியே காப்பியடித்தன. சில்லுகள் சுருங்கச் சுருங்க போர்டையும் சுருக்கி 'பேபி ஏ.டி.' என்று சுமார் 8.5க்கு 13 அங்குலத்தில் செய்தார்கள். ஐ.பி.எம்.மோ 1987ல் பி.எஸ்./2 வரிசையில் மாடல் 60, 80 இரண்டையும் தரையில் நிற்கும் டவராக விட்டது. மேசையில் இடம் மிச்சம் என்பதால் மற்றவர்களுக்கும் டவர் பிடித்துப் போயிற்று. முழு டவர் உயரம் அதிகம், மினி டவரில் இடம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் மிட் டவர்.

அந்தக் கால டவர்களின் முகத்தில் டர்போ பட்டனும் மெகாஹெர்ட்ஸ் காட்டும் பச்சை எழுத்துகளும் இருக்கும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் அளந்து சொல்வதாகப் பலரும் நம்பினார்கள். உண்மையில் அசெம்பிள் செய்தவர் சின்ன ஜம்பர்களை மாற்றி எந்த எண்ணை வைத்தாரோ அதைத்தான் அது காட்டும். 33க்குப் பதில் 99 என்று வைத்தாலும் மறுபேச்சில்லாமல் காட்டும்.

பேபி ஏ.டி. பெட்டிக்குள் வேலை செய்வது சாதாரண விஷயம் இல்லை. முன்பக்க பவர் பட்டனுக்கு வரும் வயர்களில் வீட்டு மின்சாரமே நேரடியாக ஓடும். மதர்போர்டுக்கான பவர் கேபிள் பி8, பி9 என்று இரண்டு துண்டு. கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வரவேண்டும். இடம் மாற்றிச் செருகி பட்டனை அழுத்தினால் போர்டு போய்விடும். புராசஸரோ ஸ்லாட்டுகளின் வரிசையில் இருந்தது. 486, பென்டியம் காலத்தில் அதன் தலையில் ஹீட்சிங்க்கும் விசிறியும் ஏறியதும் நீளமான கார்டுகள் போய் அதில் முட்டின.

இதையெல்லாம் ஒரே அடியில் சரிசெய்ய இன்டெல் 1995 ஜூலையில் வெளியிட்ட விதிதான் ஏ.டி.எக்ஸ். போர்டு 12க்கு 9.6 அங்குலம், அதாவது பேபி ஏ.டி.யைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்ட மாதிரி. புராசஸர் ஸ்லாட்டுகளின் வழியை விட்டு விலகி பவர் சப்ளைக்குப் பக்கத்தில் போனது. பவர் கேபிள் 20 பின் கொண்ட ஒரே துண்டானது, தலைகீழாகச் செருகவே முடியாது. பின்பக்கத்தில் 6.25க்கு 1.75 அங்குலத்தில் ஒரு செவ்வக ஜன்னல். எந்தப் போர்டின் சாக்கெட்டுகளும் அதன் வழியாக வெளியே தெரியும். முன்பக்க பட்டன் வெறும் சமிக்ஞை கொடுப்பதோடு சரி. விண்டோஸ் 95ஐ மூடிவிட்டு 'இப்போது அணைக்கலாம்' என்ற செய்திக்காகக் காத்திருந்து கையால் அணைத்த காலம் ஏ.டி.எக்ஸ். வந்த பிறகு மெல்ல முடிந்தது.

ஆனால் ஏ.டி.எக்ஸின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அது எதைச் சொல்லாமல் விட்டது என்பதில் இருக்கிறது. போர்டின் ஸ்க்ரூ ஓட்டைகள், பின் ஜன்னல், ஸ்லாட்டுகளின் இடம், பவர் சப்ளையின் அளவு... இவைதான் விதி. கேபினெட் எவ்வளவு உயரம், விசிறி எத்தனை, கதவு எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயப்படுத்தவில்லை. 'மிட் டவர்' என்பதற்கும் எழுதி வைத்த இலக்கணம் கிடையாது. முழு ஏ.டி.எக்ஸ். போர்டு நுழைய வேண்டும், பின்னால் 7 ஸ்லாட் இருக்க வேண்டும், கட்டிப்பிடித்துத் தூக்கும் அளவில் இருக்க வேண்டும். சுமார் 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவுதான் வழக்கம்.

இந்தச் சின்ன ஒப்பந்தம்தான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டும், இன்னொரு கடையில் கேபினெட்டும் வாங்கி, மூன்றாவது கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கட்டுவதைச் சுலபமாக்கியது. ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல் உதாரணம். 1990களின் பிற்பாதியில் அந்நிறுவனம் சில கம்ப்யூட்டர்களில் ஏ.டி.எக்ஸ். வடிவ இணைப்பியையே வைத்து உள்ளே வயர்களின் வரிசையை மட்டும் மாற்றிவிட்டது. பார்க்க ஒரே மாதிரி. கடையில் வாங்கிய சாதாரண பவர் சப்ளையைச் செருகியவர்களுக்குப் போர்டு கருகியது. வடிவமே வேறாக இருந்திருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்!

ஏ.டி.எக்ஸிலும் பிழை இல்லாமல் இல்லை. பவர் சப்ளையின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து புராசஸர் மீது ஊதட்டும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். பவர் சப்ளையின் சூட்டைத் தடவிக்கொண்டு வரும் காற்று எப்படிக் குளிரும்? பிந்தைய திருத்தங்களில் அந்த யோசனை கைவிடப்பட்டு, காற்று வெளியே தள்ளப்பட்டது.

பிறகு வந்தது சூடு. பென்டியம் 4 சூட்டில், புராசஸர் விசிறிக்குள் போகும் காற்று 38 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று இன்டெல் கேபினெட் செய்பவர்களுக்கு வழிகாட்டி கொடுத்தது. அப்போது வந்த பல கேபினெட்டுகளின் பக்கக் கதவில் புராசஸருக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்பதைப் பார்த்திருக்கலாம். அந்த 38 டிகிரிக்காக வைத்ததுதான் அது. (சென்னை மே மாதத்தில் அறைக் காற்றே அதை எட்டிவிடும் என்பது வேறு விஷயம்.) 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 இன்னும் மோசம், வேகமான மாடல்கள் 115 வாட் வரை போயின.

இதற்கு மருந்தாக இன்டெல் 2003ல் அறிவித்தது பி.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பு. காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. புராசஸர் பெட்டியின் முன்பக்கத்துக்கு வந்துவிடும், அதன்மேல் ஒரு பெரிய விசிறி, அங்கிருந்து ஒரே நேர்கோட்டில் காற்று மற்ற சில்லுகளையும் தடவிக்கொண்டு பின்னால் போகும். ஏ.டி.எக்ஸைவிட நியாயமான வடிவம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் போர்டு எதிர்ப்பக்கக் கதவுக்கு மாறியது, பழைய கேபினெட் எதற்கும் உதவாது. ஏ.எம்.டி.யின் அத்லான் 64 மெமரி கன்ட்ரோலரைப் புராசஸருக்குள்ளேயே வைத்திருந்ததால் பி.டி.எக்ஸின் வரைபடம் அதற்கு ஒத்துவரவில்லை. டெல் போன்ற பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தின, கடைத்தெரு சீந்தவில்லை. 2006 ஜூலையில் இன்டெல்லே 65 வாட் கோர் 2 டுயோவைக் கொண்டுவந்தது. நோய் போனதும் மருந்து எதற்கு? அதே வருடம் செப்டம்பரில் பி.டி.எக்ஸ். போர்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. ஏ.டி.எக்ஸ். ஜெயித்தது அது சிறந்தது என்பதால் அல்ல, கோடிக்கணக்கான ஸ்க்ரூ ஓட்டைகள் ஏற்கெனவே அந்த இடங்களில் இருந்ததால்.

விதியை உடைக்காமலே பெட்டியைத் திருத்தலாம் என்று காட்டியது 2005ல் வந்த ஆன்டெக் பி180. சத்தமில்லாத கம்ப்யூட்டர் பற்றி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்த மைக் சின் என்பவர் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தார். பவர் சப்ளையைக் கூரையில் இருந்து இறக்கி அடியில் தனி அறைக்குள் வைத்தார்கள். புராசஸரின் சூடு அதன் வழியாகப் போக வேண்டியதில்லை. போர்டின் ஓட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மேலே போர்டின் மூலையில் இருக்கும் புராசஸர் பவர் சாக்கெட்டுக்கு நீளமான கேபிள் தேவைப்பட்டது மட்டும்தான் தொல்லை. அடுத்த பத்து வருடங்களில் மிட் டவர் என்றாலே பவர் சப்ளை அடியில் என்றாகிவிட்டது.

முன்பக்கப் பொந்துகளின் கதையும் முடிந்தது. டி.வி.டி. யாருக்கும் வேண்டாம் என்ற நிலையில், 2014ல் என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனம் எச்440ஐ 5.25 அங்குலப் பொந்தே இல்லாமல் விட்டது. காலியான முகத்தில் விசிறிகள் வந்தன. சில வருடங்களிலேயே அந்த விசிறிகளுக்கு முன்னால் கண்ணாடியை ஒட்டி மூச்சை அடைத்த புத்திசாலித்தனமும் நடந்தது! வாங்கியவர்கள் சூட்டைப் பார்த்துத் திட்டிய பிறகு கம்பி வலை முகப்புகள் திரும்பி வந்தன.

இப்போது கேபினெட் தேர்வு செய்கிறவர் விளக்குகளை விட்டுவிட்டு மூன்று அளவுகளை முதலில் பார்ப்பது நல்லது: கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு நீளம் வரை நுழையும், புராசஸர் கூலர் எவ்வளவு உயரம் வரை நிற்கும், முகப்பில் காற்று நுழைய வழி உண்டா. கட்டும்போது முதலில் பின் ஜன்னலின் தகட்டை அழுத்திப் பொருத்த வேண்டும். போர்டை முடுக்கிய பிறகு அது ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று மறந்துபோய் நின்றால் போர்டின் முதுகில் உரசி ஷார்ட் ஆகும். பையில் வரும் ஸ்க்ரூக்களிலும் இரண்டு சாதி உண்டு: பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கும் பவர் சப்ளைக்கும் அகலமான மரையுள்ள அமெரிக்க அங்குலக் கணக்கு, எஸ்.எஸ்.டி.க்கு நெருக்கமான மரையுள்ள 3 மில்லிமீட்டர். மாற்றிப் போட்டால் பாதியில் சிக்கும். பலம் காட்டக் கூடாது.

இதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. 1990களின் கடைசியில் வந்த, வெயில் பட்டு மஞ்சளித்த பழைய ஏ.டி.எக்ஸ். மிட் டவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, புத்தம்புது போர்டை உள்ளே வைக்கிறார்கள். ஸ்லீப்பர் என்று பெயர். ஸ்க்ரூ ஓட்டைகள் அப்படியே பொருந்துகின்றன. பின் ஜன்னலும் பொருந்துகிறது. தகராறு கிராபிக்ஸ் கார்டில்தான். 2022ல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர். அது நேராகப் போய் முன்பக்க டிரைவ் கூண்டில் இடிக்கிறது. ரம்பத்தை எடுத்து அந்தக் கூண்டை அறுத்துத் தள்ளிய பிறகுதான் மூடி மூடுகிறது.